இடது முன் சக்கரம்

சக்கரம் சூடாக இருக்கிறதா என்று பார்க்க நான் கை வைப்பதில்லை. தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோல நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்பேன். சுர்ரென்று சத்தம் வந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருட வேலையில் ஒருமுறைகூட கை சுட்டுக்கொண்டதில்லை.

என் பெயர் கன்னையா. புத்தூரில், நகரி போகிற ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறேன். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. அதனால் தமிழில் எழுதித் தருகிறேன், ஸ்டேஷன் ரைட்டர் தெலுங்கில் மாற்றிக்கொள்ளட்டும். என் மனைவி சுலோசனாவின் அண்ணன் முனிரத்தினம் கால் முறிந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் கண்மண் தெரியாமல் ஓட்டியதால்தான் கார் மலைப்பாதையில் சுவரை இடித்துக்கொண்டு உருண்டது, சுலோசனா இறந்தாள் என்று கேஸ் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. செய்யாத குற்றத்தை ஒரு மனிதர் தலையில் கட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

1999 ஜூன் 17, வியாழக்கிழமை மத்தியானம் மச்சான் காரைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வருடம் ஓடிய வெள்ளைக் கார்.

"மாப்ளே, லெஃப்டுல இஸ்துக்கினு போவுது. கருகின நாத்தம் வேற. சனிக்கெழம மலைக்குப் போவணும், பாத்துக் குடு."

ஜாக்கி போட்டுத் தூக்கினேன். இடது முன் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை. சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் இடுக்கி மாதிரிக் கவ்வுகிற சாமானுக்குக் காலிப்பர் என்று பெயர். மிதித்தால் கவ்வ வேண்டும், காலை எடுத்தால் விட வேண்டும். விடாததற்கு இரண்டு காரணம் உண்டு. காலிப்பரின் பின்னால் காற்று எடுக்கிற சின்னத் திருகைத் திறந்தால் தெரிந்துவிடும். உடனே சக்கரம் சுற்றினால் ரப்பர் குழாய் உள்ளே ஊறி அடைத்திருக்கிறது. சுற்றாவிட்டால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. திறந்தேன், சுற்றவில்லை. துருதான். பிரேக் ஆயிலும் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அவ்வளவு பழைய ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கும். சூடானால் கொதிக்கும், கொதித்தால் பெடல் வெறும் காற்றை மிதிப்பதுபோல அடிவரை போய்விடும். என் அளவுக்கு இதைத் தெரிந்தவர்கள் புத்தூரில் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

நடுவில் சுலோசனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது குவைத்தில் இருக்கிறார்கள். அவளுக்கும் ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு விசா வந்திருந்தது. நான் கத்தவில்லை, கை நீட்டவில்லை. பதின்மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவளை அடித்தவனில்லை, பக்கத்து வீட்டு லட்சுமம்மாவைக் கேளுங்கள். நர்சிங்ஹோமில் ஆயா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். உடம்பு கெட்டுவிடும் என்று நானே போய் டாக்டரம்மாவிடம் சொல்லி நிறுத்தினேன். இரண்டு வருடத்துக்கு முன்னாலும் ஒரு விசா வந்தது. அப்போது பாஸ்போர்ட் காணாமல் போனது. வீடு முழுக்க அழுதுகொண்டே தேடினாள், நானும் கூடவே தேடினேன். என் டூல் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் அது பத்திரமாகத்தான் இருந்தது. விசா கெடு முடிந்ததும் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்து, அவளே கண்டெடுக்கும்படி செய்தேன். அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா.

இந்த முறை பாஸ்போர்ட்டை அவள் அண்ணன் வீட்டில் வைத்துவிட்டாள்.

"ரெண்டே வருசம்தாங்க. போய்க்கினு வந்துடுவேன்," என்றாள். "புதுசு புதுசா கார் வருது, எல்லாம் கம்பெனி ஷோரூமுக்குத்தான் போவுது. இந்த ஷெட்டுல நீங்க துருப்புடிச்சுக்கினு கீறீங்க. நானும் தரணியும் கூடவே கெடக்கணுமா?"

தரணி எங்கள் பெண், ஏழு வயது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எங்கே போவேன் சார்? என்னை எந்த நாடு கூப்பிடும்? நாலு பக்கமும் வழி இருந்தது, எல்லாம் அவளுக்கு. எனக்கு ஷெட்டின் தகரக் கூரைதான். பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

விசா வந்தால் திருமலையில் முடி காணிக்கை தருவதாக வேண்டியிருந்தாள். சனிக்கிழமை மலை, திங்கட்கிழமை மெட்ராஸில் விமானம்.

வெள்ளிக்கிழமை காலிப்பரைக் கழற்றினேன். புது ரப்பர் சீல் ஷெட்டிலேயே இருந்தது, போடவில்லை. துருப்பிடித்த பிஸ்டனைத் துடைத்து, அதையே உள்ளே தள்ளினேன். காலிப்பர் நகர்கிற பின்களுக்குக் கிரீஸ் வைக்கவில்லை. பழைய ஆயிலைப் பாட்டிலில் பிடித்து, அதையே திரும்ப ஊற்றினேன். வெளிப்பக்கத்தை மட்டும் கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கினேன். புதிதாக நான் எதையும் கெடுக்கவில்லை, இருந்ததை இருந்தபடியே மாட்டினேன். ரேணிகுண்டா தாண்டுவதற்குள் சக்கரம் புகையும், மலை ஏறாமலே திரும்பி வருவார்கள், வேண்டுதல் தள்ளிப்போனால் பயணமும் தள்ளிப்போகும். என் எண்ணம் அவ்வளவுதான்.

மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் நிறைய பேருக்கு உண்டு. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவார்கள். திருமலையிலிருந்து அடிவாரத்து அலிபிரி வரைக்கும் இன்ஜினை அணைத்தே வந்ததாக அவர் பெருமை பேசுவார். ஒவ்வொரு தடவை மலைக்குப் போகும்போதும், "கீர்ல எறங்கு மச்சான்," என்று சொல்லி அனுப்புவேன். அந்தச் சனிக்கிழமை சொல்ல மறந்துவிட்டேன்.

காலையில் பூ வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கி, "சோறு வடிச்சு வச்சிக்கீறேன், வேளைக்குத் துன்னுங்க," என்றாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ரேணிகுண்டாவில் புகையவில்லை. ஏறும்போதும் புகையவில்லை. சாயங்காலம் இறங்கும்போது நாலாவது வளைவில் பெடல் அடிவரை போய்விட்டது என்று மச்சான் சொன்னாராமே, அது நிஜம். அவரை விட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். மொட்டைத் தலை, அதில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் மேல் எனக்கு இருந்த பிரியம் யாருக்கும் புரியாது. இப்போது எங்கேயும் போக மாட்டாள் என்று அந்த நேரத்தில் தோன்றியது. தோன்றியதை எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வண்டி வழியிலேயே நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். உயிர் போகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இதை இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் காலையில் வாயாலும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். தரணியும் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாளாமே, காய்ச்சல் என்று சொல்லி நான்தான் இறக்கினேனாமே, குழந்தைக்கு நிஜமாகவே காய்ச்சலா என்றார்.

நான் பொய் சொல்கிறவன் இல்லை. காய்ச்சல் இல்லை என்றேன்.

"பின்ன எதுக்குய்யா எறக்கின?"

"அந்த வண்டியில கொயந்தைய எப்படி சார் அனுப்புவேன்? நான் அவளோட நைனா ஆச்சே."