வலது கணுக்கால்

பிசியோ: ...தலையைத் தூக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? மேசையில இருக்கிற அந்த ஓட்டையில முகத்தை வச்சுக் குப்புறப் படு.

ஓட்டக்காரி: இதுல படுத்தா தரையைத் தவிர ஒண்ணும் தெரியலக்கா.

பிசியோ: தரையையே பாரு. காலையிலேருந்து மூணு தடவை துடைச்சிருக்கேன், பாராட்ட ஆளில்ல.

ஓட்டக்காரி: பளபளன்னுதான் இருக்கு... உங்க செருப்புல ஒரு வார் பிஞ்சிருக்கு.

பிசியோ: என் காலை விடு. உன் காலைச் சொல்லு. எங்க வலி?

ஓட்டக்காரி: வலது கணுக்கால். வெளிப்பக்கம்.

பிசியோ: இங்கயா?

ஓட்டக்காரி: இல்ல.

பிசியோ: இங்க?

ஓட்டக்காரி: அங்கயும் இல்ல... இப்ப வலிக்காதுக்கா. ஓடினாத்தான்.

பிசியோ: ஓடினா யாருக்குத்தான் வலிக்காது?

ஓட்டக்காரி: அப்படி இல்ல... மைதானத்துல கடைசி வளைவு வரும்போது மட்டும். ஒரே இடம். ஒரு அடி முன்னப்பின்ன கிடையாது.

பிசியோ: கால் என்ன, இடம் பார்த்தா வலிக்கும்?

ஓட்டக்காரி: கோச்சும் இதையேதான் கேட்டார். ஸ்கேன் எடுத்தாச்சு. ஒரு கீறல்கூட இல்லையாம்.

பிசியோ: ம்... முகாமுக்கு என்னைக்குக் கிளம்பணும்?

ஓட்டக்காரி: நாளைக்கு... முகாம்னு நான் சொல்லவே இல்லையே?

பிசியோ: உன் பை மேலேயே எழுதியிருக்கு. அசையாதே. வலி மட்டும்தானா?

ஓட்டக்காரி: ...சத்தமும் கேக்கும்.

பிசியோ: எலும்புலேருந்தா?

ஓட்டக்காரி: பின்னாலேருந்து. யாரோ ஓடி வர்ற சத்தம். சிரிக்காதீங்க.

பிசியோ: நான் சிரிக்கல.

ஓட்டக்காரி: ஒரு கால் பொத்துன்னு விழும். இன்னொண்ணு சர்ருன்னு இழுக்கும். பொத்... சர்ர்... நான் வேகம் எடுத்தா அதுவும் எடுக்கும். நான் நின்னா நின்னுடும்.

பிசியோ: திரும்பிப் பார்த்தியா?

ஓட்டக்காரி: பார்த்தேன். சுள்ளுன்னு வெயில். மைதானத்துல ஒரு ஈ காக்கா இல்ல. தண்ணி தெளிச்ச மண்ணுல என் காலடித் தடம் மட்டும்தான்.

பிசியோ: எப்பலேருந்து இப்படி?

ஓட்டக்காரி: அணித் தேர்வு நடந்த நாள்லேருந்து. மூணு மாசமாச்சு... ஏன்க்கா கையை நிறுத்திட்டீங்க?

பிசியோ: எண்ணெய் எடுக்கிறேன். நீ சொல்லு.

ஓட்டக்காரி: ஆயிரத்து ஐநூறு மீட்டர். அணியில ஒரே ஒரு இடம். நானும் இன்னொருத்தியும்தான் முன்னால. கடைசி வளைவுல அவ விழுந்துட்டா.

பிசியோ: எப்படி விழுந்தா?

ஓட்டக்காரி: தடுக்கி. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க.

பிசியோ: எல்லாரையும் விடு.

ஓட்டக்காரி: நான்தான் முன்னால ஓடிட்டேனே... கோட்டைத் தாண்டினதும் ஒரே கைதட்டல். எனக்குத்தான்னு நினைச்சு ரெண்டு கையையும் தூக்கினேன். ஒருத்தர்கூட என்னைப் பார்க்கலக்கா. அவ எழுந்து வந்துக்கிட்டு இருந்தா.

பிசியோ: உடைஞ்ச காலோட.

ஓட்டக்காரி: ஆமா... பொத்... சர்ர்... கோட்டைத் தாண்டினப்புறம்தான் சரிஞ்சா.

பிசியோ: போய்ப் பார்த்தியா அவளை?

ஓட்டக்காரி: கோச் விடல. ஜெயிச்சவ திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னுட்டார்.

பிசியோ: அது அவர் சொன்னது. உனக்கு என்ன தோணுச்சு? காலை விறைக்காதே. தளர விடு.

ஓட்டக்காரி: அக்கா... தரையில நிழல் ரெண்டா தெரியுது.

பிசியோ: விளக்கு ரெண்டு எரியுது. பேச்சை மாத்தாதே.

ஓட்டக்காரி: அவ... தடுக்கி விழலக்கா.

பிசியோ: ம்.

ஓட்டக்காரி: என்னைத் தாண்டப் போனா. அவ மூச்சு என் தோள்ல பட்டுச்சு. நான் வலது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வச்சேன். ஒரு சாண்கூட இருக்காது. யோசிக்காம செஞ்சேன்னு சொன்னா அது பொய். யோசிச்சுத்தான் வச்சேன்.

பிசியோ: இதை வேற யார்கிட்ட சொன்ன?

ஓட்டக்காரி: வாயால யார்கிட்டயும் இல்ல. தொண்டை வரைக்கும் வரும், திரும்பிப் போயிடும்.

பிசியோ: அப்ப என்கிட்ட மட்டும் ஏன்? நான் யாருன்னு தெரியுமா உனக்கு?

ஓட்டக்காரி: தெரியும். அவளோட அம்மா... அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி இங்க வந்தேன்.

பிசியோ: நீ உள்ள வந்ததுமே எனக்கும் அடையாளம் தெரிஞ்சுது.

ஓட்டக்காரி: அப்புறம் ஏன் வெளியே போன்னு சொல்லல?

பிசியோ: வலின்னு வந்தவளை எப்படி அனுப்புறது? ஆனா, நீ இப்ப சொன்னது எனக்குத் தெரியாது. தானா தடுக்கி விழுந்தேன்னுதான் என்கிட்டயும் சொன்னா.

ஓட்டக்காரி: உங்ககிட்டயுமா!

பிசியோ: மூணு மாசம் கட்டிலே கதின்னு கிடந்தா. போன வாரம்தான் கட்டுப் பிரிச்சோம். நேத்து ஊன்றுகோல் இல்லாம நாலு அடி வச்சா, விழுந்தா. தூக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டா. மறுபடி நாலு அடி. சாயங்காலத்துக்குள்ள இதே ரூம்ல இந்தச் சுவர்லேருந்து அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டா.

ஓட்டக்காரி: ...நான் முகாமுக்குப் போகலம்மா. நடந்ததை எழுதித் தேர்வுக் குழுவுல காலையிலயே கொடுத்துட்டேன்.

பிசியோ: உன்னை இனிமே ஓடவே விடலன்னா?

ஓட்டக்காரி: தெரியல... விடுற வரைக்கும் தெருவுல ஓடுவேன். அம்மா, நான் எழுந்து உங்க முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும். கணுக்காலை விடுங்களேன், ரொம்ப இறுக்குது... கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?

பிசியோ: நான் அப்பவே விட்டுட்டேனே. இங்க கை கழுவிக்கிட்டு நிக்கிறேன். தண்ணி விழுற சத்தம் கேக்கல?

ஓட்டக்காரி: அப்ப... என் காலைப் பிடிச்சிருக்கிறது யாரு?

கால்மாட்டிலிருந்து ஒரு குரல்: நான்தான், கத்தாதே. நீ காலை வச்சதை அன்னிக்கே பார்த்தேன்... நீயா சொல்றியான்னு பார்க்கத்தான், இத்தனை நாள் அம்மாகிட்டகூட வாயைத் திறக்கல.