பன்னிரண்டு என்றே போடுங்கள்

அவையின் தலைமையை ஏற்றிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் விற்பனை மேலாளர் ஐயா அவர்களே, ஆய்வுக்கூடத்து அண்ணன்மார்களே, அக்காமார்களே, கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் என் அம்மா உள்ளிட்ட தாய்மார்களே, வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். குரல் நடுங்கினால் பொறுத்தருளுங்கள்.

என் அம்மா வெல்டர். கைதட்டாதீர்கள், அவர் எழுந்து போய்விடுவார்! நம் நிறுவனம் பட்டறைகளுக்காகச் செய்த இந்தப் புதிய கேமராவை முதலில் அம்மாவின் பட்டறையில்தான் மாட்டிப் பார்த்தோம். படத்தில் என்ன தெரிந்தது? வெள்ளையாய் ஒரு பந்து, சுற்றிலும் கருப்பு. நெருப்பு தெரிந்தது; நெருப்பைப் பிடித்த கை தெரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினோம், கை வந்தது, பந்து வீங்கி இரும்பை விழுங்கியது. குறைத்தோம், இரும்பு வந்தது, கை காணாமல் போனது. கேமராவின் கண்ணில் ஒளியை வாங்கும் புள்ளிகள், அதாவது பிக்சல்கள், நாற்பத்தெட்டு மில்லியன் இருந்தென்ன? அத்தனையும் ஒன்றாய்க் கூசின, ஒன்றாய் இருண்டன.

நான்கு புள்ளிகளை ஒரு குடும்பமாக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இரண்டு சட்டென்று கண்ணை மூடி நெருப்பைக் காக்கட்டும். இரண்டு விழித்தே இருந்து இருட்டைத் துழாவட்டும். நான்கும் சேர்ந்து ஒரே புள்ளியாய்ப் பேசட்டும்.

மேலாளர் ஐயா கேட்டார்: "நாப்பத்தெட்டைப் பன்னெண்டாக்கத்தான் உனக்குச் சம்பளமாம்மா?"

சிரிக்கிறீர்கள். அன்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. படம் சிறுத்தது, எவ்வளவு பெரிதாக்கினாலும் சட்டைப் பொத்தானின் நூல் தெரியாது. கொடுத்தோம். கொடுத்துத்தான் வாங்கினோம்!

எதை வாங்கினோம்? அதே பட்டறை, அதே நெருப்பு. திரையில் உருகும் இரும்பும் இருந்தது, அதை ஒட்டி நகரும் கையும் இருந்தது. அம்மா முகமூடியைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். கருப்புக் கண்ணாடி வழியே இத்தனை காலமும் நெருப்பை மட்டுமே பார்த்தவர்.

"வேலை செய்யும்போது என் கைய இன்னைக்குத்தான்டி பாக்குறேன்," என்றார். திரைக்கு இன்னும் கிட்டே போய், "நல்லாத்தான் செய்யுறேன், இல்ல?"

அந்தக் கேள்வியைவிடப் பெரிய பட்டம் எனக்கு எந்தக் கல்லூரி தரும்?

இந்த வாய்ப்புக்கு நன்றி. கேட்டிருந்த உங்கள் பொறுமைக்கும் நன்றி. போகுமுன் ஒன்று மட்டும்.

நாளை இந்தக் கேமராவின் அட்டைப்பெட்டி அச்சுக்குப் போகிறது. நாற்பத்தெட்டு என்று போட்டால்தான் விற்கும் என்கிறார்கள். போட்டால், சொன்ன சொல்லுக்காகக் கேமராவையும் நாற்பத்தெட்டிலேயே ஓடவிட வேண்டும். பட்டறைகளில் மறுபடி அந்த வெள்ளைப் பந்துதான். தலைவர் அவர்களே, பெட்டியில் பன்னிரண்டு என்றே போடுங்கள். பெரிய எழுத்தில் போடுங்கள்.