அடக்க ஆராதனைக்கு ஒத்திகை

மனைவி: ஏங்க, மூக்கு அரிக்குது.

கணவன்: செத்தவங்களுக்கு மூக்கு அரிக்காது.

மனைவி: செத்துப் பாத்தவரு மாதிரியே சொல்றீங்க... போர்வையக் கொஞ்சம் கீழ இறக்குங்க. மூச்சு முட்டுது.

கணவன்: அசையாம படு. மொதல்லேர்ந்து வரேன். "அன்பானவர்களே, நித்திரையடைந்த நம் சகோதரியின்..."

மனைவி: சகோதரியா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு?

கணவன்: அப்படித்தான் சொல்லணும். நாளைக்குக் காலையில ப்ராக்டிகல். பேராசிரியர் எதிர்ல உக்காந்திருப்பாரு. மேசை மேல ஒருத்தரப் படுக்க வச்சு, நான் அடக்க ஆராதனைய முழுசா நடத்திக் காட்டணும்.

மனைவி: சிரிக்காம.

கணவன்: ...ஆமா. சிரிக்காம.

மனைவி: ரெண்டு தடவ சிரிச்சுக் கோட்டை விட்டாச்சு. இவ்வளவு பெரிய கிறிஸ்தவ யுனிவர்சிட்டியில இறையியல் படிக்க வந்துட்டு, கிரேக்கத்துல பாஸ், எபிரேயத்துல பாஸ், பொணத்துல ஃபெயில். கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?

கணவன்: பொணம்னு சொல்லாத. சரீரம்.

மனைவி: சரி, நாளைக்கும் சரீரத்தப் பாத்துச் சிரிச்சா?

கணவன்: இன்னொரு வருஷம் இங்கயே.

மனைவி: இதே ஒத்த ரூம்ல. நாலு குடும்பத்துக்கு ஒரு குளியலறை. பாஸாயிட்டா போதகரா ஒரு சபை, ஒரு வீடு, எனக்குன்னு ஒரு சமையல்கட்டு... ம், சொல்லுங்க. செத்தவங்களப் பத்தி நாலு நல்ல வார்த்தை வரணுமே.

கணவன்: "இவர் பொறுமையானவர்..."

மனைவி: ம்.

கணவன்: "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்..."

மனைவி: ஏங்க, பொய் சொன்னா மார்க் குறைக்க மாட்டாங்களா?

கணவன்: பாரு, நீதான் சிரிக்கிற. போர்வை குலுங்குது.

மனைவி: சரி சரி, செத்துட்டேன். நடந்தத ஏதாவது சொல்லுங்க.

கணவன்: "சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த இவருடைய கணவன், நாற்பது வயதில் ஊழியத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, தெருவே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து துணியை அடுக்க ஆரம்பித்தார்..."

மனைவி: ...

கணவன்: என்ன, சத்தத்தையே காணோம்?

மனைவி: செத்துட்டேன்ல. மேல போங்க.

பக்கத்து அறைக்காரி: அக்கா, அயர்ன் பாக்ஸ் இருந்தா ஒரு நிமிஷம்... ஐயோ. என்னண்ணா இது? அக்கா...

கணவன்: இல்லம்மா, இது வந்து...

பக்கத்து அறைக்காரி: காலையில குழாய்கிட்ட பாத்தேனே. நல்லாத்தானே இருந்தாங்க. என் பக்கெட்ட எடுத்துட்டாங்கன்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே...

கணவன்: நான் சொல்றதக் கேளுங்க...

பக்கத்து அறைக்காரி: நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. அதுவே கடைசிப் பேச்சாயிடுச்சே...

கணவன்: இப்படி உக்காருங்க. இந்தத் தண்ணியக் குடிங்க. மெதுவா. பக்கெட்ட விடுங்க. அவ அத மனசுலயே வச்சுக்கல. உள்ள வந்ததுமே மறந்துட்டா.

மனைவி: யாரு மறந்தது?

பக்கத்து அறைக்காரி: அம்மா...

மனைவி: இரு, ஓடாத. நாளைக்கு அண்ணாவுக்குப் பரீட்சை, அதுக்கு ஒத்திகை. அயர்ன் பாக்ஸ் அலமாரியில இருக்கு. பக்கெட் விஷயத்த அப்புறம் பேசிக்கலாம்.

பக்கத்து அறைக்காரி: நல்லா இருக்கு உங்க படிப்பு. பயத்துல நானும் சேந்து படுத்திருப்பேன். இனிமே இந்த வாசல்ல கால் வைக்கவே மாட்டேன். அயர்ன் பாக்ஸ எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்பறேன்.

மனைவி: ...போயிட்டாளா?

கணவன்: போயிட்டா. எழுந்திரு, போதும். நீ பாட்டுக்கு அப்படியே கிடக்கற, பாவம் அந்தப் பொண்ணு.

மனைவி: அவ அவ்வளவு அழுதா. நீங்க சிரிக்கவே இல்ல.

கணவன்: அழறவங்க முன்னாடி எப்படிச் சிரிக்கிறது?

மனைவி: ஒரு வாரமா என்னப் படுக்க வச்சு ஒத்திகை பாக்கறீங்க. ஒரு நாளாவது சிரிச்சீங்களா? நான்தான் சிரிச்சேன்.

கணவன்: அது... போன தடவ படுத்திருந்த பையனுக்கு வயிறு உறுமிடுச்சு.

மனைவி: அதுக்கு முந்தின தடவ? ஜன்னலப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. வேணும்னே சிரிச்சீங்களா? உங்களத்தான் கேக்கறேன்.

கணவன்: பாஸாயிட்டா ஒரு சபையக் குடுத்துடுவாங்க. அங்க படுத்திருக்கறவங்க எழுந்து வரமாட்டாங்க. அவங்க பெத்ததும் பொறந்ததும் என் வாயவே பாத்துட்டு நிக்கும். நான் என்னத்தச் சொல்லுவேன்? செங்கல் கோணலாப் போனா பிரிச்சுட்டுத் திரும்ப வைக்கலாம். அங்க ஒரு வார்த்தை கோணலாப் போச்சுன்னா... அதான். இன்னொரு வருஷம் படிச்சா ஏதாவது புடிபடும்னு...

மனைவி: இப்ப அவகிட்ட எந்தப் புஸ்தகத்தப் பாத்துச் சொன்னீங்க? உக்கார வச்சீங்க, தண்ணி குடுத்தீங்க. அழுகை நின்னுச்சு.

கணவன்: நீ பேசினதுல நின்னுச்சு.

மனைவி: அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. போர்வைக்குள்ளேர்ந்து கேட்டுட்டுத்தானே இருந்தேன். ஒரு பொய் மட்டும் சேந்துடுச்சு, அதத் திருத்திக்கலாம்.

கணவன்: வேணும்னு சிரிக்க மாட்டேன், சரியா? ஆனா அந்தப் பசங்கள்ல எவனாவது கண்ண இறுக்கி மூடிட்டுப் படுத்திருக்கறதப் பாத்து, தானா வந்துட்டா நான் என்ன பண்றது?

மனைவி: எந்தப் பையனும் படுக்கல. நான் போன வாரமே உங்க பேராசிரியரப் போய்ப் பாத்துப் பேசிட்டேன்... நாளைக்கு அந்த மேசை மேல படுக்கப்போறது நான்தான். சிரிச்சுத்தான் பாருங்களேன்.