இரண்டாவது வரி

நான் மறதிக்காரன் இல்லை, சார். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள். வீட்டில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள்.

என் வேலை சின்னது. மற்றவர்கள் எழுதும் மென்பொருளை, லினக்ஸ் கணினியில் சிரமமில்லாமல் நிறுவும்படி பொதியாகக் கட்டித் தருவேன். நீங்கள் விசாரிக்கிற இந்த மென்பொருளை எழுதியது என் மச்சான், மனைவியின் தம்பி. முதியோர் இல்லங்களில் ஆக்சிஜன் குழாயின் அழுத்தத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, குறைந்தால் மணியடிக்கும். அதைத் தட்டி எழுப்ப ஒரு டைமர் உண்டு. அதற்குப் பொதியில் இரண்டு வரி வேண்டும். கணினியைப் போடும்போதெல்லாம் டைமரைத் தொடங்கு என்பது முதல் வரி. இப்போதே தொடங்கு என்பது இரண்டாவது.

போன முறை இரண்டையும் போட்டிருந்தேன். கருவிகளை இணைத்து முடிப்பதற்குள் டைமர் ஓடி, ஓர் இல்லத்தில் சும்மாவே மணி அலறிவிட்டது. மச்சான் அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"மாமா, உங்க கைக்கு ஒரு பூட்டு போடணும். இப்பவே ஓட விடுங்கன்னு யார் கேட்டா? அக்காகிட்ட சொல்லிக் குடுக்கவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகத்தில் கரி பூசியது போலிருந்தது, சார். அது இன்னும் போகவில்லை.

ஆகவே இந்த முறை இரண்டாவது வரியைப் போடவில்லை. அவன் சொன்னதைத்தானே செய்தேன்? அவனும் சோதித்துப் பார்த்தான். அலுவலகத்துச் சோதனைக் கணினியைத் தினமும் காலையில் போட்டு மாலையில் அணைப்போம், அதனால் மணி ஜோராக அடித்தது. "பாத்தீங்களா மாமா, சொன்னபடி கேட்டா எவ்ளோ நல்லா வருது" என்று முதுகில் தட்டினான். இல்லங்களில் கணினியை யாரும் அணைப்பதே இல்லை, அணைத்துப் போடாதவரை அங்கே டைமர் தொடங்காது. அது எனக்குத் தெரியும். ஒருநாள் குட்டு வெளிப்படும், நாலு பேர் முன்னால் அவன் தலைகுனிவான், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

போன வாரம் ஓர் இல்லத்தில் குழாய் கசிந்தது. மணி அடிக்கவில்லை. கட்டிலோடு கிடந்த ஐந்து பேரும் போய்விட்டார்கள்.

மச்சான் சரியாகச் சாப்பிடுவதில்லை. தான் எழுதியதில்தான் பிழை என்று தேடிக்கொண்டே இருக்கிறான். "எங்க மாமா தப்பு பண்ணேன்? நீங்களாவது பாத்துச் சொல்லுங்க" என்று அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறதி என்று எழுதிக்கொள்ளட்டுமா என்கிறீர்கள். வேண்டாம், சார். என் அம்மா இருக்கும் இல்லத்திலும் இதே மென்பொருள்தான். பொதி அங்கே போய்ச் சேர்ந்த அன்றே நானும் போனேன். அம்மாவுக்குத் தலைவாரிவிட்டு, அறைக்கு வெளியே இருந்த கணினியை அணைத்து, மறுபடி போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், "மத்த இல்லங்களுக்கும் இப்படிப் பண்ணச் சொல்லிடவா சார்?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா, இங்க மட்டும் போதும்" என்றேன்.