நூறு நாற்காலிகளும் ஓர் ‘அட்ஜஸ்ட்’டும்

மட்டாஞ்சேரித் துப்புரவுத் தொழிலாளர்களின் இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய ஹரிநாராயணன் அவர்களே, சுள்ளிக்கல்லிலிருந்து நடந்தே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, ஊர் கண்விழிக்குமுன் ஊரையே கூட்டி முடிக்கும் என் தாய்மார்களே, வணக்கம்!

பொன்மணி பேசுகிறேன். என் கையிலிருக்கும் தாளில் தமிழை மலையாள எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! எழுத்து எதுவானால் என்ன, எரிச்சல் என்னுடையது.

இன்று ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அட்ஜஸ்ட்! பேருந்தில் அட்ஜஸ்ட், புகுந்த வீட்டில் அட்ஜஸ்ட், சாயாவில் சர்க்கரை குறைந்தால் அதற்கும் அட்ஜஸ்ட். எங்கே பிறந்தது இந்தச் சொல்? அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். லத்தீனில் ‘அருகே’ என்று பொருள்படும் சொல்லில் வேர்விட்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் வந்து சேர்ந்ததாம். அருகே கொண்டுவருவது, பொருந்தச் சேர்ப்பது. அதுதான் ஆதிப்பொருள். இருவர் அருகே வர வேண்டுமென்றால் இருவரும் அல்லவா நகர வேண்டும்? இங்கே நகர்ந்தது யார்? என்ன சொன்னீர்கள் பேச்சி அக்கா? “நாங்கதான்” என்றா? இன்னும் உரக்கச் சொல்லுங்கள், அலுவலகம் வரை கேட்கட்டும்!

நாங்கள் உடை மாற்ற ஓர் அறை இருந்தது. அதற்குள்ளேயே ஒரு கழிப்பறையும் இருந்தது. விழாக்களுக்கு வாங்கிய நூறு நாற்காலிகளை அந்த அறைக்குள் அடுக்கிக் கதவைப் பூட்டினார்கள். கேட்கப் போன காளியம்மை அக்காவிடம் மேற்பார்வையாளர் என்ன சொன்னார்? “சேச்சி, ஒண்ணு அட்ஜஸ்ட் செய்யூ.” அக்கா செய்தார். லாரிக்குப் பின்னால் தார்ப்பாயை மறைப்பாகப் பிடித்து உடை மாற்றினார். ஒதுங்க இடமில்லையென்று, வேலை முடியும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தார். போன செவ்வாய்க்கிழமை, கொளுத்தும் வெயிலில், சந்தை நடுவே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்குச் சீக்கு ஒண்ணும் இல்லடி பொன்மணி, தாகம்தான்” என்றார். என் வயிறு எரிந்தது தோழர்களே, இன்னும் எரிகிறது!

நாற்காலிக்கு நிழல் உண்டு, எங்களுக்கு இல்லையா? நாற்காலிக்குக் கதவு உண்டு, எங்கள் மானத்துக்கு இல்லையா?

இன்று காலை, வேலை முடிந்ததும், முப்பது பெண்கள் சேர்ந்து அந்தப் பூட்டை உடைத்தோம். ஆமாம், உடைத்தோம்! நாற்காலிகளைக் காணோம் என்று மேற்பார்வையாளர் தேடுகிறாராம். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அவைதான்! ஐயா, ஏன் எழுகிறீர்கள்? நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள்!

கூட்டம் முடிந்ததும் துடைத்து, ஒன்றுகூடக் குறையாமல், நூறையும் அவருடைய அறைக்குள்ளேயே அடுக்கித் தருவோம். அவருக்கு நடக்க வழியிருக்காது. ஒரு நாள் அவரும் பட்டுப் பார்க்கட்டும்! எங்கள் அறைக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. சாவி, நேற்று வீடு திரும்பிய காளியம்மை அக்காவின் முந்தானையில் இருக்கிறது. அதைக் கேட்டு வருகிறவர் எவரானாலும் எங்கள் முப்பது பேரைத் தாண்டித்தான் வர வேண்டும்!

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. இன்று மதியம் அந்த அறையில் உட்கார்ந்து, பயமில்லாமல், வயிறு நிறையத் தண்ணீர் குடித்த பெண்களின் சார்பில் வணக்கம்!