மேஸ்திரி வேஷக்காரன்

மீசை எனக்கு எடுப்பாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், சார். அந்த மீசைக்காகத்தான் மாதா கோயில் திருவிழா நாடகத்தில் வருஷா வருஷம் எனக்கு மேஸ்திரி வேஷம் கொடுத்தார்கள். உப்பளத்துப் பெண்களை அடித்து விரட்டுகிற மேஸ்திரி. அவனை எதிர்த்து நிற்கிற கதாநாயகன் எப்போதும் மணிவண்ணன்.

வீட்டில் மணிவண்ணன் குடித்துவிட்டு மனைவியை அடிப்பான். நான் யார் மேலும் கை நீட்டியதில்லை. ஆனாலும் மரக்காணம் கடைத்தெருவில் வணக்கம் அவனுக்குத்தான். பெருமுக்கலுக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே, "ஏங்க, இது அந்த மேஸ்திரி இல்ல?" என்று கதவோரம் ஒதுங்கினாள். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

இந்த வருஷமாவது நல்லவன் வேஷம் கொடுங்கள் என்று கேட்டேன். நாடகம் போடுகிற மரியதாஸ் அண்ணன் சிரித்தார்.

"ஏம்பா அந்தோணி, உன் மூஞ்சிக்கு எவன் கை தட்டுவான்?"

மேடையில் கிடைக்காததை வெளியே தேடிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் தோன்றியது. யாராவது ஒருவரைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

உப்பளத்தில் வேலை செய்த கொளஞ்சியம்மாள் மேல் எனக்கு எந்த வன்மமும் இல்லை. என் நடிப்பைப் பாராட்டியவள் அவள் ஒருத்திதான். "நீ வந்து நின்னாத்தான்டா நாடகமே சூடு பிடிக்குது" என்பாள். உப்பு அறுத்த கால் புண் புரையோடி, அவளால் நடக்க முடியாமல் இருந்தது. மத்தியானம் மற்றவர்கள் பாத்தியில் உப்பு வாரும்போது அவள் கீற்றுக் கொட்டகையில் படுத்திருப்பாள். நடக்க முடிகிற ஆள் என்றால் தானே எழுந்து வெளியே வந்துவிடும். அப்புறம் நான் எதைக் காப்பாற்றுவது?

கொட்டகையின் பின்பக்கம் பற்றவைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். காய்ந்த கீற்று, கடல்காற்று வேறு. நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டது.

"அந்தோணியா? தூக்குடா என்னை, மூச்சு முட்டுது."

நான் வரப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். புகையைப் பார்த்துவிட்டு ஆட்கள் வரப்பு மேல் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். என் முகம் தெரிகிற தூரத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். யாரும் பார்க்காமல் தூக்கி வந்தால் நான்தான் தூக்கினேன் என்று யார் நம்புவார்கள்?

அவர்கள் நெருங்கியதும் உள்ளே போனேன். அதற்குள் அவள் குரல் நின்றிருந்தது. கூரை சரிந்து என் கையில் விழுந்தது. வெளியே ஓடி வந்துவிட்டேன். பிறகுதான் மணிவண்ணன் நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு போய் உடலைத் தூக்கி வந்தான்.

இப்போது ஈசிஆர் ரோட்டு ஓரத்தில் அவன் படம் போட்டு, 'தீக்குள் பாய்ந்த தீரன்' என்று பேனர் கட்டியிருக்கிறார்கள்.

உங்களுக்கு என் மேல் சந்தேகம் இல்லை என்று தெரியும், சார். நானாகத்தான் வந்தேன். தீ வைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவள் கூப்பிடக் கூப்பிட வாசலில் நின்றதும் நான்தான். ஆனால் அந்தத் தீக்குள் அவனுக்கு முன்னால் போனது நான், சார். அதை மட்டும் ஊரில் ஒருத்தரும் சொல்வதில்லை. விட்டுவிடாமல் அதையும் எழுதுங்கள்.