வீட்டில் புதிதாய் ஒன்று

— தூணை எண்ணச் சொன்னீகளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, சீதா டீச்சர்.

— சொன்னேன் முத்தழகு அக்கா. பால்வாடிக்கு எதுத்தாப்புல இருக்குற பெரிய வீடுதான். எத்தனை தூணு, எதுல விரிசல் விட்டிருக்குன்னு பாத்துச் சொல்லணும். நாலு வயசுப் புள்ளைகளுக்கு அது வெளாட்டு.

— நல்ல வெளாட்டு! அந்த வீட்டு ஆச்சி கல்யாணத்துக்குன்னு சென்னையிலேருந்து வந்து எறங்குறாக, வாசல்ல பன்னெண்டு புள்ளைக வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிதுக. "எதுக்குடி எங்க வீட்டை நோட்டம் விடுறீக?"ன்னு என்னையக் கூப்பிட்டுக் கேக்குறாக. எனக்கெதுக்கு ஊரு வம்பு? ஒரு மணி நேரம்தான் நின்னு பேசிட்டு வந்தேன்.

— ஒரு மணி நேரமா?

— அவுகளுக்கும் மருமகளுக்கும் ஆகலயாம். அதை விடுங்க. எங்க தெரு சுந்தரம் பொண்ணு தேடுற கதை தெரியுமா? சம்பந்தம் பேச வந்தவக கூடத்துல உக்காந்திருக்காக. எங்க தம்பி மக ஸ்வேதா நேராப் போயி, "மாமா, நேத்து ஒங்க மீசை வெள்ளையா இருந்துச்சே"ங்குது. வந்தவக காப்பியக் கூடக் குடிக்காம எந்திரிச்சுட்டாக. எல்லாம் ஒங்க தட்டு வெளாட்டு செஞ்ச வேலை.

— அதுல என்னக்கா தப்பு? பூட்டு, சீப்பு, புளியங்கொட்டைன்னு பத்து சாமானைத் தட்டுல வைப்பேன். துணியைப் போட்டு மூடி ஒன்னை எடுத்துருவேன். எது இல்லன்னு சொல்லணும். கண்ணை மூடிக்கிட்டு வேப்பிலை எது, கறிவேப்பிலை எதுன்னு மோந்து சொல்லணும். பாக்கப் பழகுனாத்தான் படிக்க வரும். ஒங்க ஸ்வேதா துணியை எடுக்குறதுக்கு முன்னயே சொல்லிரும், என் கை எங்குட்டுப் போச்சுன்னு பாத்து.

— அதைத்தான் சொல்றேன். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுக் கண்ணு?

— இதை நீங்க சொல்றீக. மெயின் ரோட்டுல பஸ் நின்னா, எறங்குன ஆளு பேரு ஊரெல்லாம் ஒப்பிப்பீக.

— நான் பாக்குறது பொறுப்புக்குப் பாக்குறது. தம்பி மஸ்கட்டுல வெயில்ல வேகுறான். வீட்டுல ஒரு பெரியவ கண்ணு வேணாமா? அவன் பொண்டாட்டி ராஜப்ரியா போன்ல அரை மணி நேரம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறா. எனக்கெதுக்கு வம்பு? அன்னைக்கே தம்பிக்குச் சொல்லிட்டேன்.

— சரிக்கா, இப்ப எதுக்கு வந்தீக?

— ஸ்வேதாவைக் கூப்பிடுங்க. நாளையிலேருந்து அவ பால்வாடிக்கு வரமாட்டா, தம்பி சொல்லிட்டான். அப்பறம் அந்தப் படத்தையும் குடுத்துருங்க.

— எந்தப் படம்?

— வீட்டுல புதுசா என்ன இருக்குன்னு பாத்து வரைஞ்சுட்டு வரச் சொன்னீகளாமே. மத்ததுகெல்லாம் வாளி, செருப்புன்னு வரைஞ்சிருக்கு. இவ மட்டும் என்னத்த வரைஞ்சான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. மூணு நாளா அவ ஆத்தாளும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல.

— ரெண்டு படம் வரைஞ்சிருக்கா. எது வேணும்?

— ரெண்டையுந்தான் குடுங்களேன்.

— மொத படம் ராஜப்ரியாகிட்ட இருக்கு. சுவர்க் கடிகாரம். ஆறுக்குக் கீழ ஒரு கறுப்புப் புள்ளி வச்சிருந்தா. இது என்ன ஸ்வேதான்னேன். "கடிகாரத்தோட கண்ணு டீச்சர், அம்மாவையே பாத்துக்கிட்டு இருக்கும்"னா. அவ அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவ போயிக் கழட்டிப் பாத்திருக்கா. உள்ள கேமரா.

— நீங்க எதுக்குக் காட்டுனீக? அது குடும்ப விசயம்!

— மாட்டுனது யாருக்கா?

— நாந்தான். தம்பி ஆளுகிட்டக் குடுத்துவிட்டான். அவ குளிக்கப் போறப்ப அவ ரூமுல மாட்டிருன்னான், ஸ்டூலைப் போட்டு ஏறி மாட்டுனேன். கட்டுன புருசன் பாக்குறான், இதுல என்ன கொறஞ்சு போச்சு?

— அவளைக் கேட்டாரா?

— பொண்டாட்டிகிட்ட யாரு கேப்பா? நல்லாருக்கே நாயம்! புள்ளையக் கூப்பிடுங்க டீச்சர், வெயில் ஏறுது.

— புள்ள இங்க இல்ல. ராஜப்ரியா பத்து மணிக்கே வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா. கையில ரெண்டு பை. ஒன்னுல அந்தக் கடிகாரம்.

— போயிட்டாளா? எங்குட்டு?

— நான் கேக்கல.

— கேக்கலையா! ஒரு மனுசி கேக்காமயா இருப்பா? ஐயோ, நான் கோயிலுக்குப் போயிட்டு வந்த அந்த நேரத்துலயா... இனி தம்பி மொகத்துல எப்புடி முழிப்பேன்? புருசனைப் பறிகுடுத்துட்டு வந்து நின்ன எனக்கு அந்த வீட்டை விட்டா ஏது போக்கிடம்? "ஊருல ஒன்னைய ஒருத்தியத்தான்க்கா நம்புறேன்"ம்பான். வாரம் தவறாம சொல்லுவான்.

— அழாதீக. இந்தாங்க, ரெண்டாவது படம். நேத்து அவளா வந்து குடுத்தா, "இன்னொன்னும் இருக்கு டீச்சர்"னு.

— இது என்னது... முருகன், மயிலு... இது என் ரூமுல இருக்குற படம்ல! கட்டிலுக்கு எதுத்தாப்புல, போன லீவுல தம்பி தன் கையால ஆணியடிச்சு மாட்டிட்டுப் போனது. தெனமும் அதுலதான் கண்ணு முழிக்கிறேன். சாமி படத்தை எதுக்கு வரைஞ்சா?

— தோகையில ஒரே ஒரு புள்ளியை மட்டும் அழுத்திக் கறுப்பாக்கியிருக்கா பாருங்கக்கா. "கடிகாரத்துல இருந்த அதே கண்ணுதான் டீச்சர், இது அத்தையைப் பாக்குது"ன்னா.